வெள்ளிக் கம்பி வேண்டாம், பஞ்சு போதும்!
மலிவு ஹெட்போனில் இனிய பாட்டு கேட்க வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டை என்றதும் வெள்ளிக் கொலுசுதான் நினைவுக்கு வரும். கம்பி இழுப்பவர் ஒருவர். பற்ற வைப்பவர் இன்னொருவர். மெருகு போடுபவர் வேறொருவர். இப்படிப் பல கைகள் மாறித்தான் ஒரு ஜோடி கொலுசு கடைக்கு வருகிறது.

வாங்க வரும் பெண்கள் கொலுசைக் கண்ணால் பார்ப்பதோடு விடுவதில்லை. காதருகே கொண்டு போய் ஆட்டிப் பார்க்கிறார்கள். ஓசை பிடித்தால்தான் பேரமே தொடங்கும்!

அதே குடும்பம் மகனுக்கு ஒரு ஹெட்போன் வாங்கப் போனால் என்ன செய்கிறது? காதில் மாட்டிப் பார்ப்பதில்லை. அட்டைப் பெட்டியைத்தான் பார்க்கிறது. பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதை நம்பிப் பணத்தைக் கொடுக்கிறது. வீட்டுக்கு வந்து மாட்டினால், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் பாட்டு வருகிறது. "மலிவுச் சரக்கு, இவ்வளவுதான்" என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

மூலையில் போடுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். மலிவு ஹெட்போன் கெட்ட ஓசை தருவதற்குப் பல சமயம் அதன் விலை காரணம் அல்ல. காதுக்கும் கருவிக்கும் நடுவே இருக்கும் சந்துதான் காரணம்!

உள்ளே இருப்பது என்ன?

ஹெட்போனின் ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு குட்டி ஒலிபெருக்கி இருக்கிறது. அதில் மூன்றே மூன்று பொருள்கள்தான் முக்கியம். ஒரு காந்தம். தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பியாலான ஒரு சுருள். அந்தச் சுருளோடு ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு.

பாட்டு மின்சாரமாகக் கம்பி வழியே வருகிறது. அந்த மின்சாரம் கூடிக் குறையும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. சுருளோடு சவ்வும் அசைகிறது. சவ்வு காற்றை அசைக்கிறது. காற்று செவிப்பறையை அசைக்கிறது. அதுதான் பாட்டு!

300 ரூபாய் ஹெட்போனிலும் பல ஆயிரம் ரூபாய் ஹெட்போனிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். சவ்வின் தரம், காந்தத்தின் வலிமை, கிண்ணத்தின் அமைப்பு ஆகியவற்றில் வேற்றுமை உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் விலை பத்து மடங்கு ஏறினால் இனிமையும் பத்து மடங்கு ஏறும் என்று எண்ணினால் ஏமாற்றம்தான்.

வெள்ளியின் கதை

"வெள்ளிக் கம்பி போட்ட ஹெட்போன், ஓசை மணி போல் இருக்கும்" என்று சிலர் விற்கிறார்கள். வெள்ளி ஊரில் இருப்பவர்களுக்கு இது இனிப்பான செய்திதான்!

மின்சாரத்தைக் கடத்துவதில் உலோகங்களுக்குள் வெள்ளிக்குத்தான் முதலிடம். இது உண்மை. ஆனால் இரண்டாம் இடத்தில் இருக்கும் செம்பை விட அது எவ்வளவு உயர்ந்தது தெரியுமா? நூற்றுக்கு ஆறு பங்குதான்! செம்புக் கம்பியைச் சிறிது தடிமனாகப் போட்டால் அந்த வித்தியாசமும் போய்விடும். ஒன்றரை கஜம் நீளமுள்ள ஹெட்போன் கம்பியில் இதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளியைக் காலுக்குப் போடுங்கள். காதுக்குச் செம்பு போதும்.

சமையலறையில் பிறந்த கருவி

இந்தக் கருவி பிறந்த இடமே ஒரு வீட்டுச் சமையலறை என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்று ஒருவர் இருந்தார். 1910-ம் ஆண்டில் அவர் தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அதிகாரிகள் சோதித்துப் பார்த்தார்கள். கையில் இருந்த மற்றவற்றை விட அது நன்றாகக் கேட்டது. உடனே வாங்கிக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் ஹெட்போனுக்குப் பழைய உறவு உண்டு. சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் மலிவான ரேடியோ என்றால் 'கிரிஸ்டல் செட்'தான். அதற்கு மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம். ஆனால் ஒலிபெருக்கியை இயக்கும் பலம் அதற்கு இல்லை. காதில் ஹெட்போன் மாட்டித்தான் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்! மேல்நாடுகளில் சில வீடுகளில் ஹெட்போனை ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, எல்லோரும் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம்.

1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி கனமில்லாத, பஞ்சு மெத்தை வைத்த ஹெட்போனைக் கொண்டு வந்தது. 1979-ல் ஜப்பானின் சோனி கம்பெனி 'வாக்மேன்' விற்கத் தொடங்கியது. அதன் பிறகு நடந்துகொண்டே பாட்டு கேட்பது உலகமெங்கும் பரவிவிட்டது.

சந்தை அடையுங்கள்!

மிருதங்கத்தில் இரண்டு பக்கம் உண்டு. வலந்தலை கணீர் என்று பேசும். தொப்பி 'தொம்' என்று பேசும். காதுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே சந்து இருந்தால் முதலில் ஓடிப்போவது இந்தத் 'தொம்'தான்!

ஹெட்போனின் சவ்வு மிகச் சிறியது. அது தள்ளுகிற காற்றும் மிகக் கொஞ்சம். கனத்த ஓசையில் சவ்வு மெதுவாக முன்னும் பின்னும் போகிறது. சந்து இருந்தால் அதற்குள் காற்று வெளியே நழுவிவிடுகிறது. அழுத்தம் செவிப்பறைக்கு எட்டுவதில்லை. கூரிய ஓசை மட்டும் மிஞ்சுகிறது. தகர டப்பா ஓசை வருவது இதனால்தான்.

உங்கள் ஹெட்போனில் சந்து இருக்கிறதா என்று பார்க்க ஒரு காசும் செலவில்லை. பாட்டு ஓடும்போது இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாகக் காதோடு அழுத்துங்கள். தவில், மிருதங்க ஓசை சட்டென்று எழுந்து வந்தால் கருவியில் குற்றம் இல்லை. பொருத்தத்தில்தான் குற்றம்!

மூக்குக் கண்ணாடியின் கால் சந்து உண்டாக்கும். பெரிய தோடும் ஜிமிக்கியும் உண்டாக்கும். வெயில் ஊரில் வியர்வை பட்டு உரிந்துபோன குஷன் எல்லாவற்றையும் விட மோசம். கருப்புத் தோல் செதில் செதிலாகக் கன்னத்தில் ஒட்டுகிறதே, அந்தக் குஷனை மாற்றினால் பாதி நோய் தீர்ந்துவிடும். அளவு பார்த்துத் தனியாகவே வாங்கலாம். குஷனின் ஓரத்து உதட்டைக் கிண்ணத்தின் விளிம்புப் பள்ளத்தில் சுற்றிச் செருகினால் போதும்.

துணி உறை தைத்துப் போடுகிறவர்களும் உண்டு. காதுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் துணி வழியாகக் காற்று போகும். ஆகவே 'தொம்' கொஞ்சம் குறையும். எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம்.

காதுக்குள் செருகும் இயர்போன் வாங்கினால், பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று ரப்பர் மூடிகள் இருக்கும். பலர் அதைப் பெட்டியோடு குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதுதான் புதையல்! மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கு ஓர் அளவும் இடது காதுக்கு வேறு அளவும் சரிப்படுவது உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காது இரண்டும் அச்சில் வார்த்ததா என்ன?

கடையில் என்ன பார்ப்பது?

"20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கும். மனிதக் காது கேட்கும் எல்லையே அதுதான். எந்த ஓசை எவ்வளவு பலத்தோடு கேட்கும் என்று சொல்லாத வரையில் அந்த எண்ணால் பயன் இல்லை. போனில் மாட்டுவதற்கு 16 அல்லது 32 'ஓம்' என்று போட்டது சுலபமாகப் பாடும். போனில் உருண்டைத் துளை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் போன்கள் பலவற்றில் அது கிடையாது.

கம்பியில்லா ஹெட்போன் வசதிதான். ஆனால் உள்ளே இருக்கும் பாட்டரி சில வருஷங்களில் தளர்ந்துவிடும். குறைந்த விலையில் நல்ல ஓசையும் நீண்ட ஆயுளும் வேண்டுமென்றால் கம்பி வைத்ததே மேல். ரிப்பேரும் செய்யலாம்.

மற்றதெல்லாம் காது சொல்லும். "அண்ணே, ஒரு தடவை மாட்டிப் பார்க்கிறேன்" என்று தாராளமாகக் கேளுங்கள். கூடவே உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டு போனில் இருக்கட்டும். அதிலும் பழைய பாட்டாக இருந்தால் உத்தமம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த 'மந்திரி குமாரி' படத்துப் பாடல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பதிவில் இரண்டு காதுக்கும் ஒரே ஓசைதான் உண்டு. ஆகவே பாடுகிறவர் குரல் இரண்டு காதுக்கும் நடுவே, தலைக்குள்ளே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!

பஞ்சு வைத்தியம்

சில ஹெட்போனில் 'ச', 'ஸ' எழுத்துகள் ஊசி போல் குத்தும். குஷனைக் கழற்றி, மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் ஒரே ஒரு படலம் பிரித்து வட்டமாக வெட்டி, ஒலிபெருக்கியின் முன்னால் வைத்துவிட்டுக் குஷனைத் திரும்ப மாட்டுங்கள். குத்தல் அடங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வைக்க வேண்டும்.

இன்னும் சிலவற்றில் குடத்துக்குள் பேசுவது போல் கேட்கும். காலிக் கிண்ணத்துக்குள் ஓசை மோதித் திரும்புவதுதான் காரணம். ஸ்க்ரூவைக் கழற்றி, கொஞ்சம் பஞ்சை உதிர்த்துத் தளர்வாகக் கிண்ணத்துக்குள் பரப்பலாம். அழுத்தித் திணிக்கக் கூடாது. ஒலிபெருக்கியின் முதுகில் உள்ள சிறு துளைகளைப் பஞ்சு மூடிவிடக் கூடாது. பாட்டரி வைத்த ஹெட்போனில் இந்த வேலையே வேண்டாம். பாட்டரியில் ஆயுதம் பட்டால் தீப்பிடிக்கும்.

தலையை இடுக்கி போல் பிடிக்கிற ஹெட்போனை, அதன் அகலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, ஓர் இரவு அதன்மேல் மாட்டி வையுங்கள். பிடி தளரும். ரொம்பவும் தளர்ந்துவிட்டால் பழைய சந்துத் தொல்லை திரும்பி வந்துவிடும்!

காதுக்கு ஒரு கணக்கு

சந்தை அடைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அது பாட்டை விடப் பெரியது. ஓசை சரியாக வராதபோது மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? ஒலியைக் கூட்டுகிறார்கள். பஸ்ஸில் இன்னும் கூட்டுகிறார்கள். காதோடு நன்றாகப் பொருந்திய ஹெட்போனில் வெளிச் சத்தம் உள்ளே வராது. குறைந்த ஒலியிலேயே பாட்டு தெளிவாக இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்லுகிறது. 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! செவியின் உள்ளே ஓசையை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. அவை அழிந்தால் திரும்ப முளைக்காது. பாட்டு நின்ற பிறகும் காதில் 'ங்ங்' என்று ரீங்காரம் கேட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

சாலையிலும் ரயில் பாதையிலும் ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும். அங்கே வெளிச் சத்தம் கேட்கத்தான் வேண்டும்.

ஒரு காது ஊமையானால்?

மலிவு ஹெட்போன் பெரும்பாலும் சாவது ஒரே இடத்தில்தான். கம்பி, முனையோடு சேரும் கழுத்தில்! போனோடு சுற்றிச் சுற்றிச் சட்டைப் பையில் திணிப்பதால் உள்ளே கம்பி அறுந்துவிடும். சால்டரிங் தெரிந்தவர் புது முனை ஒன்றை வைத்துச் சில நிமிஷங்களில் உயிர் கொடுத்துவிடுவார்.

உள்ளே பெரும்பாலும் சிவப்புக் கம்பி வலது காதுக்கு, பச்சை அல்லது நீலம் இடது காதுக்கு. செம்பு நிறம் இரண்டுக்கும் பொது. கம்பியின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். சுரண்டியோ சூட்டால் கருக்கியோ அதை நீக்காவிட்டால் ஈயம் ஒட்டாது. பலர் இங்கேதான் தோற்றுப் போகிறார்கள்.

எந்தக் கம்பி அறுந்தது என்று பாட்டே காட்டிக் கொடுக்கும். சிவப்பு அறுந்தால் வலது ஊமை. பொதுக் கம்பி அறுந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். புதுப் பாட்டில் வாத்தியங்கள் எங்கோ தூரத்தில் கேட்கும். பாடகரை மட்டும் காணோம்! இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் காதுக்கு வருவதால் நடுவில் நிற்கும் குரல் மறைந்துவிடுகிறது. 'மந்திரி குமாரி' பாட்டைப் போட்டால் அநேகமாக ஒன்றுமே கேட்காது. அதில் வித்தியாசமே கிடையாதே!

ரிப்பேர் முடிந்ததும் அதே பாட்டை மறுபடி போட்டுப் பாருங்கள். குரல் நடுவில் நிற்காமல் சிதறி, தவில் ஓசையும் மெலிந்திருந்தால், ஒரு கிண்ணத்தில் இரண்டு கம்பிகள் இடம் மாறி ஒட்டப்பட்டிருக்கின்றன. மாற்றி ஒட்ட வேண்டும். குரல் நடுவில் வந்து நின்றுவிட்டால் ஸ்க்ரூவை முடுக்கிவிடலாம்.