காபித் தோட்டத்துப் பாம்பும் கடற்கரைச் சங்கமும்



கொஞ்ச நாள் முன்பு வத்தல்மலையில் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். சேமிப்புப் பணத்தை எண்ணி, உள்கடன் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நேரம், பக்கத்துக் காபித் தோட்டத்தில் ஒரே கூச்சல். ஏழெட்டு தவிட்டுக்குருவி, இரண்டு மைனா, ஒரு அணில் எல்லாம் சேர்ந்து ஒரே புதரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. "என்னக்கா, இப்படிக் கத்துதுங்க?" என்று கேட்டோம். வயதான உறுப்பினர் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பாம்பு போவுதும்மா. அது போற வரைக்கும் இதுங்க அடங்காது. பிள்ளைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க" என்றார்.

அந்த அம்மா பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. சமூகப் பணி பட்டம் படித்த எங்களுக்கு அந்தச் சத்தம் வெறும் சத்தமாகத்தான் கேட்டது. அன்றைக்குக் கூட்டம் முடிந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. பேச்சு பாம்பைப் பற்றியே போனது. பால்சிலம்பு, பெரியூர், சின்னாங்காடு, ஒன்றிக்காடு என்று எந்த ஊரை எடுத்தாலும் பாம்பு கடித்த கதை ஒன்று இருக்கிறது. அந்தப் பேச்சில் வந்த கேள்விகளையும், நாங்கள் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதுகிறோம்.

பறவை சொல்லும் சேதி

பாம்பைப் பார்த்தால் சின்னப் பறவைகள் ஓடி ஒளிவதில்லை. கூட்டமாகக் கூடி அதன் தலைக்கு மேலே கத்தும். தவிட்டுக்குருவி, மைனா, கொண்டைக்குருவி, இரட்டைவால் குருவி எல்லாமே இப்படிச் செய்யும். "உன்னைப் பார்த்துட்டோம், போயிடு" என்று பாம்புக்கும், "ஜாக்கிரதை" என்று மற்ற பறவைகளுக்கும் சொல்வதுதான் அது. பூனை, கீரி, ஆந்தையைப் பார்த்தாலும் கத்தும். ஆனால் தரையைப் பார்த்து, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால், அந்த இடத்தில் கையையும் காலையும் வைக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

பறவைகள் இன்னொரு வேலையும் செய்கின்றன. பாம்பு நம் வீட்டுக்கு வருவது நம்மைத் தேடி அல்ல, எலியைத் தேடித்தான். ஆந்தையும் கூகையும் ராத்திரி முழுக்க எலி பிடிக்கின்றன. மயில், செண்பகம், பாம்புக் கழுகு ஆகியவை பாம்பையே தின்னும். "ஆந்தை கத்தினா வீட்டுக்கு ஆகாது" என்று கல்லெறிந்து விரட்டினால் எலி பெருகும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். சாரைப் பாம்புக்கு விஷமே கிடையாது. அதுவும் நம் தானியத்தைக் காக்கிற எலி பிடிப்பான்தான். அதை அடித்துப் போடுவது நம் சாமைக்கும் ராகிக்கும் நாமே செய்யும் நஷ்டம்.

பயப்பட வேண்டியது எதற்கு?

தமிழ்நாட்டில் உயிரைப் பறிக்கும் கடிகளில் பெரும்பாலானவை நான்கு பாம்புகளால் வருகின்றன.

1. நல்லபாம்பு. படம் எடுக்கும், எல்லோருக்கும் தெரியும். கடித்த இடம் வீங்கும், கண் இமை சொருகும், மூச்சு விடச் சிரமம் வரும்.

2. கட்டு விரியன். பளபளக்கும் கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். ராத்திரியில் நடமாடும். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைப் படுக்கையிலேயே கடிக்கும். பல நேரம் வலியும் இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, கண் இமை தூக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

3. கண்ணாடி விரியன். பருத்த உடம்பு, முதுகில் சங்கிலி கோர்த்தது போல் வட்டங்கள். குக்கரில் ஆவி சீறுவது போலச் சத்தமாகச் சீறும். காய்ந்த சருகில் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. கடித்தால் கடும் வலி, வீக்கம், ஈறில் ரத்தக் கசிவு வரும். சிறுநீரகமும் கெடலாம்.

4. சுருட்டை விரியன். சின்னது. உடம்பை உரசி அரம் தேய்ப்பது போல ஓசை எழுப்பும். வறண்ட, கல் நிறைந்த நிலத்தில் இருக்கும். வேலைக்குக் கீழே இறங்கிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இவை தவிர, கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பச்சை நிற மூங்கில் விரியனும் உண்டு. செடியோடு செடியாகக் கிளையில் இருக்கும். இப்போது கிடைக்கும் விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்காகவே செய்யப்படுவது. ஆனாலும் மூங்கில் விரியன் கடித்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வலிக்கும் வீக்கத்திற்கும் அங்கேதான் வைத்தியம் பார்க்க முடியும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஒரு ஆய்வு மதிப்பிட்டது. வருடத்திற்கு சராசரியாக 58,000 பேர். பெரும்பாலானவர்கள் கிராமத்து மக்கள். அதிலும் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்தவர்கள். விஷம் ஒரு பக்கம் என்றால், தாமதம் இன்னொரு பக்கம் உயிரை வாங்கியிருக்கிறது.

கடித்துவிட்டால்

எங்களுக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் மாமியாருக்கு ஒரு நாள் விடியற்காலை வயிற்று வலி. சூட்டு வலி என்று சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள். கண் சொருகியதும் மந்திரிக்கத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தபோது மதியமாகிவிட்டது. மூச்சுக்குழாய் வைத்துப் பல நாள் போராடிப் பிழைத்தார். "வயித்து வலிதானேன்னு நெனச்சோம். பாயைத் தூக்கிப் பார்த்தப்பதான் பாம்பு கெடந்துது" என்று அந்தச் சகோதரி இன்றைக்கும் அழுகிறார்.

ஒன்றை நாங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கக் கயிறு கட்ட வேண்டும் என்றுதான் நாங்கள் பள்ளியில் படித்தோம். ஆரம்பத்தில் கூட்டங்களிலும் அப்படியே சொன்னோம். அது தவறு. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, கையோ காலோ அழுகிப் போகலாம். இனி நாம் செய்ய வேண்டியது இதுதான்:

செய்ய வேண்டியவை:
- கடிபட்டவரைத் தைரியப்படுத்தி, நடக்க விடாமல் படுக்க வையுங்கள்.
- வளையல், மோதிரம், கொலுசு, மெட்டியை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.
- எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல, கடிபட்ட கை அல்லது காலைக் குச்சி வைத்து அசையாமல், இறுக்காமல் கட்டுங்கள்.
- 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரத் தாமதமானால், மோட்டார் சைக்கிளில் ஓட்டுகிறவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்கிறவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கிளம்புங்கள்.
- கடித்த நேரத்தைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை:
- கயிறு கட்டாதீர்கள். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் நீங்கள் அவிழ்க்காதீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும்.
- பிளேடால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பச்சிலை வைத்துக் கட்டாதீர்கள்.
- பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ போய் இன்னொருவரும் கடி வாங்க வேண்டாம். பாம்பைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய அவசியமில்லை. நோயின் அறிகுறிகளையும், ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்ற சோதனையையும் வைத்து டாக்டர் முடிவு செய்வார்.

"மந்திரிச்சு நிறைய பேர் பிழைச்சிருக்காங்களே?" என்று கேட்பீர்கள். பெரும்பாலான பாம்புகளுக்கு விஷம் இல்லை. விஷப் பாம்பு கடித்தாலும் சில நேரம் விஷம் இறங்காது. அப்படிப்பட்டவர்கள் மந்திரிக்காவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். உண்மையில் விஷம் ஏறியவருக்கு விஷமுறிவு ஊசி ஒன்றுதான் மருந்து. அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதே ஊசிதான்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது?

கூட்டத்தில் ஒரு தங்கை இந்தக் கேள்வியைக் கேட்டார். பதிலைத் தேடியபோது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. மலையில் இருக்கும் நம் உயிரைக் காப்பது கடற்கரையில் இருக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம்.

சென்னைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய சாலையில் வடநெம்மேலி என்ற ஊர் இருக்கிறது. அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. அந்தப் பக்கத்து வெக்கையான கடலோரப் புதர்க்காடும் வயலும் வரப்பும்தான் இருளர் பழங்குடி மக்களின் உலகம். மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகவே பாம்பு பிடித்துப் பிழைத்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு தோல் வியாபாரம் நின்றது, அடுப்பும் அணைந்தது. அப்போது ரோமுலஸ் விட்டேக்கர் என்ற பாம்பு ஆராய்ச்சியாளர் துணையோடு 1978-ல் இந்தச் சங்கம் உருவானது. கொல்வதற்காகப் பிடித்த கைகளே, விஷம் எடுப்பதற்காகப் பிடிக்க ஆரம்பித்தன.

முறை இதுதான். வனத்துறை அனுமதி கொடுத்த எண்ணிக்கைக்குள் பாம்பைப் பிடித்து வந்து, மண்பானையில் வைத்து வாயைத் துணியால் கட்டுகிறார்கள். சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளி விட்டு நான்கு முறை விஷம் எடுக்கிறார்கள். அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்காமல் இருக்க, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். எடுத்த விஷம் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தினால், அதன் ரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் சக்தி உண்டாகும். அதைப் பிரித்தெடுத்ததுதான் நமக்குப் போடும் ஊசி. நம் நாட்டில் இந்த மருந்துக்குத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சங்கத்திலிருந்து போகிறது.

இதன் உறுப்பினர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் சொல்லித்தராத அறிவை நாடு தலைவணங்கி ஏற்றுக்கொண்டது.

தவிட்டுக்குருவிச் சத்தத்தைக் கேட்டுப் பாம்பு என்று சொன்ன நம் அம்மாவிடம் இருப்பதும் இதே அறிவுதான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் பாம்பைப் பிடிக்கும் வேலை மட்டும் நமக்கு வேண்டாம். அது பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் வேலை. "மண்ணுளிப் பாம்பு கொண்டா, லட்சம் தர்றேன்" என்று வரும் புரோக்கரை நம்பினால் பணமும் வராது, ஜெயில்தான் மிச்சம்.

குழுவில் என்ன செய்யலாம்?

மலையிலிருந்து தருமபுரி சுமார் 25 கிலோமீட்டர். அதில் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரியில் வண்டி தேட ஆரம்பித்தால் அந்த நேரமே உயிரை வாங்கிவிடும். அதனால் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்:

1. ராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய வண்டிக்காரர்கள் மூன்று பேரின் எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைப்பது.

2. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு ஊசி இருக்கிறதா, ராத்திரியில் டாக்டர் உண்டா என்று இரண்டு உறுப்பினர்கள் நேரில் போய்க் கேட்டு வருவது. இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவது என்று இப்போதே முடிவு செய்வது.

3. அவசரத்திற்குக் குழுப் பணத்தில் ஒரு தொகையை, கூட்டம் கூடாமலே எடுத்துக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வது.

4. டார்ச் லைட், கொசுவலை, காலை மூடும் செருப்பு வாங்கச் சிறு உள்கடன் கொடுப்பது. கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் கட்டு விரியன் உள்ளே வராது.

5. விறகு, வரட்டி, கல் குவியலை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி வைப்பது. காபிப் பழம் பறிக்கும்போதும் களை எடுக்கும்போதும் முதலில் குச்சியால் சருகைத் தட்டிவிட்டுப் பிறகு கையை வைப்பது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் அந்தக் கணக்கில் வருவார். கணக்கில் வந்தால்தான் நம் மலைக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெரியம்மா சொன்னதையே திரும்பச் சொல்லி முடிக்கிறோம். "அது பாட்டுக்கு அது போவுது. நாம பார்த்து நடந்தா போதும்." அடுத்த மாதக் கூட்டத்திற்கு நாங்கள் வரும்போது உங்கள் தீர்மான நோட்டைக் காட்டுங்கள். காத்திருக்கிறோம்.