வீட்டு வரியை முன்கூட்டிக் கணக்கிடும் முறை

நகராட்சி எல்லையில் வாழும் நெசவாளர் அங்கத்தினர் ஒருவர், சீட்டில் கண்ட 500 ரூபாயை ஆண்டு முழுமைக்குமான வரியெனக் கருதிச் செலுத்தி நிம்மதியடைந்தார். அஃது அரையாண்டுக்குரியதே. மறுபாதி நிலுவையாயிற்று, நூல் வாங்க வைத்திருந்த பணம் வரிக்குச் சென்றது.

தமிழ்நாட்டு நகராட்சிகளில் சொத்து வரி அரையாண்டுதோறும் செலுத்தற்குரியது. ஏப்ரலில் ஓர் அரையாண்டும் அக்டோபரில் மற்றோர் அரையாண்டும் தொடங்கும். ஆகவே, சீட்டிலுள்ள தொகையை இரட்டித்தலே முதற்படி. அடுத்து, வீட்டின் பரப்பளவைத் தாமே அளந்து பதிவுடன் ஒப்பிடுதல் வேண்டும். 2022 ஏப்ரல் சீராய்வில், நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதமும், அதற்கு மேல் 1200 வரை 50 சதவீதமும் வரி உயர்ந்தது. அளவு பிழையாயின் வரியும் பிழையாகும்.

ஏப்ரல் 30, அக்டோபர் 31 ஆகிய நாட்களுக்குள் அந்தந்த அரையாண்டு வரியைச் செலுத்துவோர்க்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. 500 ரூபாய்க்கு 25 கழிய, செலுத்த வேண்டியது 475, ஆண்டுக்கு 950.

நவம்பர் தொடங்கி மாதம் 80 ரூபாய் சங்கச் சேமிப்பில் இட்டுவரின், ஏப்ரல் இறுதியில் 480 சேர்ந்திருக்கும். அக்டோபர் தவணைக்கும் அவ்வாறே. நூலுக்குரிய பணம் நூலுக்கே நிற்கும்.