ஏற்ற பாரத்திற்கு நன்றி

உலக வழக்கில் ஒருவர் உயர்ந்த பதவியொன்றை எய்தும்போது கூறும் நன்றி, பெரும்பாலும் விரும்பியது கைகூடிய மகிழ்ச்சியின் வெளிப்பாடாகவே அமைகிறது. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு குரு, நம் முன்னோர் மேற்றிராணியார் என்று வழங்கிய ஆயர் பதவிக்கு உயர்த்தப்பட்டு, நிரம்பிய ஆலயத்தில் மக்களை நோக்கி நன்றி கூற எழும்போது, அவர் நன்றி செலுத்துவது தாம் நாடிப் பெற்ற ஒரு பேற்றுக்காக அன்று. தம்மீது வைக்கப்பட்ட ஒரு பாரத்திற்காகவே என்பதைச் சிறிது சிந்திப்போர் உணர்வர்.

இப்பாரத்தைக் கண்டு அஞ்சி ஓடியவர்களின் வரலாறு நன்றி கூறியவர்களின் வரலாற்றைவிடச் சுவையானது. நான்காம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டின் தூர் நகர மக்கள் மார்ட்டினை ஆயராக்கத் தேடியபோது, அவர் வாத்துக் கூட்டத்தினிடையே ஒளிந்துகொண்டார் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. 374ஆம் ஆண்டில் மிலான் நகரில் ஆயர் தேர்தலையொட்டி எழுந்த பூசலைத் தணிக்கச் சென்ற ஆளுநர் அம்புரோஸ், அதுவரை ஞானஸ்நானங்கூடப் பெறாதவராக இருந்தும், மக்கள் ஒருமுகமாகத் தம் பெயரையே முழங்கக் கேட்டுத் திகைத்து, தப்பிச் செல்ல முயன்று, அது பலியாமற்போகவே, சில நாட்களுக்குள் ஞானஸ்நானமும் ஆயர் அபிஷேகமும் ஒருங்கே பெற்றார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில், 391இல், ஆலயத்திற்கு வந்திருந்த அகுஸ்தீனை மக்கள் பிடித்துக் குருவாக்கியபோது அவர் கண்ணீர் விட்டார். ஆயர் பதவியே கிடைக்கவில்லையே என்று வருந்துகிறார் போலும் என்றெண்ணிச் சிலர் அவருக்கு ஆறுதல் கூறினராம்.

இக்காலத்தில் ஒருவரை ஆயராகத் தெரிந்தெடுக்கும் முறை அமைதியானது. அவர் குறைந்தது முப்பத்தைந்து வயது நிரம்பியவராகவும், ஐந்தாண்டுகளேனும் குருவாகப் பணியாற்றியவராகவும் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அபிஷேகச் சடங்கிலோ அவர் தாமாகச் செய்வது மிகக் குறைவு. அவருக்குச் செய்யப்படுவதே மிகுதி. பாப்பரசரின் நியமனக் கடிதம் வாசிக்கப்படுகிறது. சகல புனிதரையும் நோக்கிய மன்றாட்டு மாலை பாடப்படுகையில் அவர் முகங்குப்புறத் தரையில் கிடக்கிறார். 325ஆம் ஆண்டின் நிசேயா பொதுச் சங்கம் விதித்தபடி, வழக்கமாக மூவருக்குக் குறையாத ஆயர்கள் அவர் சிரசின்மேல் கரங்களை வைக்கின்றனர். திறந்த சுவிசேஷ நூல் அவர் தலைக்குமேல் பிடிக்கப்படுகிறது. பரிசுத்த தைலம் தலையில் பூசப்படுகிறது. மோதிரமும் கூர்முடியும் மேய்ப்பனின் கோலும் பிறர் கையிலிருந்தே அவருக்கு வருகின்றன. கேட்கப்படும் வினாக்களுக்கு இசைவு தெரிவிப்பதைத் தவிர அவர் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை.

நன்றிக்குரிய வேளை திருப்பலியின் இறுதியில் வருகிறது; அவ்வேளையின் வரிசைமுறையே கவனித்தற்குரியது. முதலில் பாடகர் குழுவினர் 'தே தேயும்' என்னும் பழம்பெரும் இறைபுகழ்க் கீதத்தைப் பாட, புதிய ஆயர் தம்மை அபிஷேகம் செய்த ஆயர்களுள் இருவரோடு ஆலயமெங்கும் நடந்து சென்று, கூடியிருப்போரை ஆசீர்வதிக்கிறார். அதன் பின்னரே, கோலை ஏந்தி நின்று, மக்களிடம் சுருக்கமாகப் பேச அவருக்கு அனுமதி உண்டு. பாப்பரசர், அபிஷேகம் செய்த ஆயர்கள், பெற்றோர், குருமடத்து ஆசிரியர்கள், தாம் முன்பு பணியாற்றிய பங்குகளின் மக்கள் என்று நீளும் நன்றியுரை அவ்விடத்திலேதான் நிகழ்கிறது. இறைவனுக்குரிய நன்றி முதலிலும், மக்களுக்குரிய ஆசி அடுத்தும், மனிதருக்குரிய நன்றி அதன் பின்னும் வருவதால், பேசுகிறவர் தம்மைப் பற்றிப் பெருமை பாராட்டிக்கொள்ளத் தொடங்குமுன்பே அப்பெருமை வேறிடத்திற்குச் சென்றுவிடுகிறது.

1968இல் திருத்தியமைக்கப்படுவதற்கு முன்பிருந்த பழைய சடங்கில் இந்நன்றி இன்னும் கண்கூடான உருவம் பெற்றிருந்தது. காணிக்கை வேளையில் புதிய ஆயர் தம்மை அபிஷேகம் செய்தவரிடம் எரியும் மெழுகுவத்தி இரண்டும், அப்பம் இரண்டும், திராட்சை ரசம் நிறைந்த சிறு பீப்பாய் இரண்டும் கொணர்ந்து அளித்தார். சடங்கு முடிவில் மும்முறை முழந்தாளிட்டு, ஒவ்வொரு முறையும் சற்று நெருங்கி வந்து, குரலையும் சற்று உயர்த்தி, அவர் பல்லாண்டு வாழ்க என இலத்தீன் மொழியில் பாடினார். கூர்முடி தரித்துக் கோல் ஏந்திய ஒருவர் அந்தக் கோலத்திலேயே மண்டியிடுவதைக் கண்ட மக்களுக்கு, அதிகாரமும் கடப்பாடும் ஒருங்கே தரப்பட்டன என்பதை விளக்க வேறு பிரசங்கம் தேவைப்பட்டிராது.

இப்பாரத்தை ஏற்றவர்களின் வரலாற்றில் நம் நாட்டிற்கும் ஒரு முக்கியமான அத்தியாயம் உண்டு. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாக்கப்பட்டபோது, அதன் முதல் ஆயராக நியமனம் பெற்றவர் இயேசு சபைத் துறவியான திபூர்சியுஸ் ரோச். ஐரோப்பியரே இலத்தீன் ரீதி மறைமாவட்டங்களை ஆண்டுவந்த நவீன காலத்தில் அப்பொறுப்பு ஓர் இந்தியரிடம் வந்தது அதுவே முதன்முறை. உயர்பதவிகளைத் தாமாக நாடுவதில்லை என்று வாக்களிக்கும் மரபுடைய சபையிலிருந்து வந்த ஒருவர் அவ்வரிய பொறுப்பை ஏற்க நேர்ந்தது என்பதே, ஆயரின் நன்றி எத்தகையதாக இருக்க முடியும் என்பதைத் தெளிவுபடுத்தும்.

இந்நன்றி ஒருநாள் உரையோடு தீர்ந்துவிடுவதும் இல்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் ஹிப்போவின் ஆயராயிருந்த அகுஸ்தீன், தம் அபிஷேக ஆண்டுவிழாக்களில் மக்களிடம் பேசிய பிரசங்கங்கள் சில இன்றும் கிடைக்கின்றன. அவர்களுக்காகத் தாம் ஆயராயிருப்பது தமக்கு அச்சம் தருவதையும், அவர்களோடு தாமும் ஒரு கிறிஸ்தவராயிருப்பது ஆறுதல் தருவதையும் அவற்றில் அவர் எடுத்துரைத்து, தமக்காகச் செபிக்கும்படி அவர்களை வேண்டிக்கொண்டார். மகிழ்ந்து கொண்டாட வேண்டிய நாளிலும் தம் கடனையே அவர் நினைவுகூர்ந்தார்.

அக்கடனை 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு வரையறுத்தும் வைத்திருக்கிறது. மறைமாவட்டப் பொறுப்பை ஏற்றது முதல் ஒவ்வொரு ஞாயிறும், கடன் திருநாட்களிலும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களின் கருத்துக்காக ஆயர் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும். எத்தனை தவறினவோ, அத்தனையையும் கூடிய விரைவில் ஈடுசெய்யவும் வேண்டும். எழுபத்தைந்து வயது நிரம்பியதும் பதவியிலிருந்து விலகும் கடிதத்தைப் பாப்பரசரிடம் சமர்ப்பிக்கவும் அதே சட்டம் கேட்டுக்கொள்கிறது. ஆதலின், ஆயர் ஒருவரின் நன்றியறிதல் எத்துணை மெய்யானது என்று அறிய விரும்புவோர் அபிஷேக நாளன்று அவர் ஆற்றிய உரையின் அழகை அளந்து பார்ப்பதில் பயனில்லை; ஆண்டுகள் பல சென்றபின், அவ்வுரையில் அவர் பெயர் சொல்லாத ஏழை எளியவர்கள் அவரை எவ்விதம் நினைக்கிறார்கள் என்று கேட்டறிவதே தக்க வழி.