புகைக்குழாயில் ஒரு பொத்தல்

மோட்டார் காரின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கீறல் விழுந்துவிட்டால் போதும், குடும்பம் முழுவதும் சுற்றி நின்று துக்கம் விசாரிக்கிறது. எதிர்வீட்டுக்காரர் வேறு வந்து இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார். ஆனால் அதே வண்டியின் வயிற்றுக்கு அடியில், முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு நீண்ட குழாய் ஓடுகிறதே, அதை யாராவது குனிந்து பார்த்ததுண்டா? கிடையாது! அது ஒரு நாள் "டப டப டப" என்று தெருவையே கூட்டும்படி அலற ஆரம்பித்த பிறகுதான், "சைலன்ஸர் போய்விட்டது போலிருக்கிறது!" என்று நமக்கு ஞானோதயம் உண்டாகிறது.

அந்தக் குழாயில் ஏன் துரு ஏறுகிறது, பொத்தல் விழுந்தால் வீட்டிலேயே அடைக்க முடியுமா, எப்போது அடைக்கக் கூடாது என்பதையெல்லாம் கார் வைத்திருப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம். சத்தத்தை அடக்குவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காருக்குள் உட்கார்ந்திருக்கும் உங்கள் குழந்தைகளின் மூச்சு அந்தக் குழாயை நம்பி இருக்கிறது.

கடல் இல்லாத ஊரில் துரு ஏன்?

சென்னையில் கார் வைத்திருப்பவர் துருவுக்காகக் கடற்காற்றின் மீது பழி போடலாம். பனி பெய்யும் தேசங்களிலோ, சாலையில் உறைந்த பனி இளகுவதற்காக உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் தெறித்து வண்டியின் அடிப்பாகத்தை வெளியிலிருந்து அரிக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் கடலும் இல்லை, உறைபனியும் இல்லை. வருஷத்தில் பல மாதங்கள் வெயில் சுட்டுப் பொசுக்குகிறது. அப்படியிருக்க, இங்கே ஓடும் கார்களின் குழாய் ஏன் துருப்பிடித்து உதிர வேண்டும்?

பதில் வேடிக்கையானது. தண்ணீரை வெளியிலிருந்து யாரும் கொண்டுவர வேண்டியதில்லை. எஞ்சினே அதைத் தயாரித்துக்கொள்கிறது! பெட்ரோலில் கரியும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. அந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து எரியும்போது தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் நம்புவீர்களா? உண்மை அதுதான். குழாய் நன்றாகச் சுட்டிருந்தால் அவ்வளவும் நீராவியாக வெளியே போய்விடுகிறது. குழாய் குளிர்ந்திருந்தால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் மேல் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்வதுபோல, குழாயின் உட்புறத்தில் கோத்துக்கொள்கிறது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் பின்குழாயின் வாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வெளியே சொட்டும் தண்ணீரால் கெடுதல் இல்லை.

உள்ளேயே தங்கிவிடும் தண்ணீரால்தான் கெடுதல். எரிந்த வாயுக்கள் அதில் கரைந்து, அது லேசான அமிலமாகிவிடுகிறது. எரிபொருளில் கந்தகம் அதிகமாக இருந்த காலத்தில் இந்த அமிலத்தின் கடுமையும் அதிகமாக இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி, பெட்ரோலிலும் டீசலிலும் 10 லட்சம் பங்குக்கு 10 பங்குக்கு மேல் கந்தகம் கூடாது. அதற்கு முந்தைய விதி 50 பங்கு வரை அனுமதித்தது. கந்தகம் குறைந்துவிட்டது, தண்ணீர் மட்டும் குறையவில்லை.

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து நான்கு ரோடு வரைக்கும் காரில் போய், கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களைக் கவனியுங்கள். சைலன்ஸர் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது. எஞ்சினுக்கு வெகு தூரத்தில், கடைசியில் இருக்கும் பாகம்தான் மிகவும் தாமதமாகச் சுடும். ஆகையால் பெரும்பாலும் பின்பக்கத்துச் சைலன்ஸர்தான் முதலில் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகிறது. வெளியில் பார்த்தால் முழுசாக இருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். விழாமலே வெறும் குழாயாகப் போன மூங்கில் மாதிரி!

வாசனையில்லாத எதிரி

பொத்தல் விழுந்தால் சத்தம் வருகிறது. அது நமக்குக் கேட்கிறது. சத்தத்தோடு கூட இன்னொன்றும் வருகிறது. அது நமக்குத் தெரிவதில்லை. அதன் பெயர் கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் சிவப்புப் பொருளோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது ஒட்டிக்கொள்கிறது. சுமைகூலி வேலைக்கு வந்தவனைப் பாதி வழியில் வேறொருவன் மடக்கிப் பிடித்துக்கொள்வதைப் போல!

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது குழந்தை வாந்தி எடுத்தால், "மலை ஏறினால் அப்படித்தான்" என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது வளைவுகளின் வேலைதான். ஆனால் வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்தால், கீழே இறங்கியதும் சரியாகிவிட்டால், குழாயைச் சந்தேகிக்க வேண்டும். உடனே வண்டியை நிறுத்தி, எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். யாராவது மயங்கினால் 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

பெட்ரோல் கார்களில் இந்த விஷவாயுவை அடக்குவதற்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்ற பாகம் இருக்கிறது. 1995-ல் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. ஆனால் அது நன்றாகச் சூடேறிய பிறகே வேலை செய்யும். அதற்கு முன்னால் குழாயில் பொத்தல் இருந்தால், விஷம் அப்படியே வெளியே வந்துவிடும். டீசல் வண்டியில் இந்த வாயு குறைவு என்றாலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நின்ற வண்டியில் தூங்குவது எந்த வண்டியிலும் ஆபத்து. டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு சாமான் ஏற்றிச் செல்வதும் கூடாது. பின்னால் போக வேண்டிய புகை சுழன்று உள்ளே வந்துவிடும்.

நாடி பிடித்துப் பாருங்கள்

முதலில் பொத்தல் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். காலையில் குளிர்ந்திருக்கும் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்திக் கிளப்புங்கள். மூடிய ஷெட்டுக்குள் ஒரு நிமிஷம்கூட இந்தச் சோதனை வேண்டாம். ஒருவர் பக்கவாட்டில் நின்றுகொண்டு, தடித்த ஈரத்துணியால் பின்குழாயின் வாயை ஓரிரு விநாடி பொத்தட்டும். இன்னொருவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டால், "உஸ்" என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது அடியில் மட்டும் நுழையாதீர்கள். பொத்தலைச் சுற்றிக் கரி படிந்திருப்பதும் ஓர் அடையாளம்.

பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, குழாய் முழுவதும் ஆறும்வரை காத்திருங்கள். ஓடிய வண்டியின் குழாய் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும். ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்தால் சரியாக இருக்கும்.

அடியில் நுழைவதற்குச் சமதரை வேண்டும். ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது எமனுடன் பந்தயம் கட்டுவதற்குச் சமம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் உதவாது; சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும். இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டி அசையாமல் உட்கார்ந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். துரு கண்ணில் விழும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

இப்போது ஒரு திருப்புளியின் பிடியால் குழாயை அங்கங்கே தட்டுங்கள். "டிங்" என்றால் இரும்பு உயிரோடு இருக்கிறது. "டொப்" என்றால் உள்ளே இற்றுவிட்டது. முனையால் அழுத்தியதும் உள்ளே போய்விட்டால் ஒட்டுப் போடுவதில் பிரயோஜனம் இல்லை. கந்தல் துணியில் தையல் நிற்குமா?

வீட்டு வைத்தியம்

சுற்றிலும் இரும்பு கெட்டியாக இருந்து, வண்டியின் பின்பகுதியில், சுண்டுவிரல் நுனி அளவுக்குள் பொத்தல் இருந்தால் வீட்டிலேயே அடைக்கலாம். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பொத்தலைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குத் துருவைச் சுரண்டி, பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேயுங்கள். பாதி வேலை இதுதான். துருவின் மேல் பூசிய பசை துருவோடு சேர்ந்து உதிர்ந்துவிடும்.

உதிரி பாகக் கடைகளில் சைலன்ஸருக்கென்றே சூடு தாங்கும் பசை விற்கிறார்கள். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, அதன்படி செய்யுங்கள். சில பசைகளுக்கு இரும்பைத் தண்ணீரால் லேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் எபாக்ஸி பசை இந்தச் சூட்டுக்குத் தாங்காது. பசையைப் பொத்தலில் அமுக்கி, சுற்றிலும் பூசி, அதன்மேல் மெல்லிய தகட்டை வளைத்துப் பொருத்தி, இரண்டு பக்கமும் எவர்சில்வர் கிளிப் போட்டு முடுக்குங்கள். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம். அதிகச் சூட்டில், முக்கியமாக வெல்டிங் தீயில், அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். பசை காய்ந்தபின், திறந்த வெளியில் எஞ்சினைச் சில நிமிஷங்கள் மெதுவாக ஓடவிட்டால் இறுகும். அதன்பின் முதலில் செய்த ஈரத்துணிச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை! சைலன்ஸரின் அடியில் குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிய ஒரு துவாரம் இருக்கலாம். தேங்கிய தண்ணீர் வடிவதற்காகத் தொழிற்சாலையிலேயே போட்டது அது. அதைப் பொத்தல் என்று நினைத்து அடைத்தால், துருவுக்கு நீங்களே விருந்து வைத்தவராவீர்கள்.

பட்டறைக்குப் போக வேண்டியவை

எஞ்சினை ஒட்டிய குழாய், உட்காரும் இடத்துக்கு நேர் கீழே உள்ள பொத்தல், கேட்டலிடிக் கன்வர்ட்டர், பக்கத்தில் சென்ஸார் உள்ள இடம் ஆகியவை வீட்டு வைத்தியத்துக்கு அடங்காதவை. வெல்டிங்கும் வீட்டு வேலையல்ல. பெட்ரோல் டாங்கியும் அதன் குழாய்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. மின்சார வெல்டிங் செய்வதானால் முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். லாரிக்குப் பாடி கட்டுவதில் பெயர் பெற்ற நாமக்கல்லில் பற்றவைக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே கொண்டு போய்க் காட்டுங்கள். "அண்ணே, இதே குழாய் இன்னும் பத்து நாள் தாங்குமா?" என்று கேட்டால், "குழாய் தாங்குமுங்க. உள்ளே உட்கார்றவங்க தாங்கோணுமே!" என்று பதில் வரும்.

"குழாயைக் கழற்றிவிட்டே ஓட்டினால் என்ன?" என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் சைலன்ஸர் இருந்தே ஆக வேண்டும்.

கஞ்சமலைக்குப் பக்கத்தில்

புதுக் குழாய் வாங்கும்போது கொஞ்சம் அதிகம் கொடுத்தால் துருவை எதிர்க்கும் எஃகில் கிடைக்கிறது. நம் வீட்டு அடுக்களையில் எவர்சில்வர் என்கிறோமே, அந்த ஜாதிதான். 1913-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி என்பவர் இரும்போடு குரோமியத்தைச் சேர்த்து அத்தகைய எஃகை உருக்கினார். குரோமியம் மேலே ஒரு மெல்லிய போர்வையாகப் படிந்து, துருவை உள்ளே விடாமல் காக்கிறது. சேலத்துக்காரர்களுக்கு இது அயலூர்ச் சரக்கு அல்ல. இரும்புத் தாதுவுக்குப் பெயர் போன கஞ்சமலைக்கு அருகே 1970-ல் அஸ்திவாரம் போட்டு, 1981-ல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையில் உருவாவது இந்தத் துருப்பிடிக்காத எஃகுத் தகடுதான்.

புகைக்குழாய்க்குப் போடும் எஃகில் பாத்திரத்து எஃகைவிடக் குரோமியம் குறைவு. ஆகையால் மேலே லேசாகப் பழுப்பு நிறம் ஏறும். அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம்; தட்டினால் "டிங்" என்று கேட்கிறதா என்பதே கணக்கு.

எல்லாவற்றையும்விட மலிவான மருந்து ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறையாவது காரை நீண்ட தூரம் ஓட்டிக் குழாய் முழுவதையும் சுட வையுங்கள். உள்ளே உள்ள தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். சேலத்திலிருந்து நாமக்கல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சனிக்கிழமை காலையில் குடும்பத்தோடு கிளம்பி, கூரையில்லாமல் ஓங்கி நிற்கும் ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டுத் திரும்புங்கள். புண்ணியம் உங்களுக்கு, சூடு சைலன்ஸருக்கு! கிளம்புவதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள்.