சிங்கப்பூர் பணம் ராசிபுரத்துக்கு வருவது எப்படி?

ராசிபுரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். மகனுக்கு சிங்கப்பூரில் வேலை. மாதம் பிறந்தால் அப்பாவுக்குப் பணம் அனுப்ப வேண்டும். பழைய முறையில் வங்கி வழியாக அனுப்பினால் வந்து சேர ஓரிரு நாட்கள் ஆகலாம். இன்று மொபைல் போனிலேயே சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. இது எப்படி?

நம் நாட்டில் 2016-ல் வந்தது யூ.பி.ஐ. சிங்கப்பூரில் 2017-ல் வந்தது பேநவ். இரண்டுமே கணக்கு எண்ணைச் சொல்லாமல், மொபைல் எண் போன்ற எளிய அடையாளத்தை வைத்துப் பணம் அனுப்பும் முறைகள். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லாமல் இருந்தன. இவற்றை இணைக்கப் போவதாக இந்திய ரிசர்வ் வங்கியும் சிங்கப்பூர் நாணய ஆணையமும் 2021 செப்டம்பரில் அறிவித்தன. 2023 பிப்ரவரி 21 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் முன்னிலையில் இணைப்பு தொடங்கியது.

நாமக்கல்காரர்களுக்கு லாரி உதாரணம் எளிதில் புரியும். பழைய முறையில் சரக்கை வழியில் இறக்கி வேறு லாரியில் ஏற்றுவது போல, பணம் இடையில் உள்ள வங்கிகளைத் தாண்டி வர வேண்டியிருந்தது. ஒவ்வோர் இடத்திலும் நேரமும் கட்டணமும் கூடும். இப்போது இரு நாட்டு கம்ப்யூட்டர்களும் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. மகன் டாலரில் அனுப்ப, அப்பாவின் கணக்கில் ரூபாயாக வரவு வைக்கப்படுகிறது.

இந்த வசதி தனிநபர்களுக்கு மட்டுமே, வியாபாரத்துக்கு அல்ல. தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து அனுப்ப ஒரு நாளைக்கு ரூ.60,000 என்று வரம்பு வைத்தார்கள். ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. ஆகியவற்றில் அனுப்பவும் பெறவும் முடிந்தது. ஆக்சிஸ், டி.பி.எஸ். இந்தியா வங்கிகளில் பெற மட்டும் முடிந்தது. பிறகு மேலும் பல வங்கிகள் சேர்ந்தன. உங்கள் கணக்கில் இந்த வசதி உண்டா, கட்டணம் எவ்வளவு, டாலருக்கு என்ன விலை போடுகிறார்கள் என்று முதலில் வங்கியில் கேட்டுக் கொள்ளுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. "சிங்கப்பூரிலிருந்து பணம் வந்திருக்கிறது, இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் நம்பரை அடியுங்கள்" என்று யாராவது சொன்னால், அது உங்கள் பணத்தை எடுக்கும் தந்திரம். நீங்கள் அனுப்பும்போது, திரையில் தெரியும் பெயரை ஒருமுறைக்கு இருமுறை படித்த பிறகே பட்டனை அழுத்துங்கள். வேகமாகப் போன பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம்.

அப்படியும் ஏமாந்துவிட்டால் தயங்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.