கார் இருமுகிறதா? பிளக்கைப் பாருங்கள்!
என்ஜினைப் பிரிப்பது கடைசி வேலை

கூத்தாநல்லூரிலிருந்து மன்னார்குடிக்குப் பழைய அம்பாசிடர் காரில் குடும்பத்தோடு புறப்படுகிறீர்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் பாயவில்லை. குலுங்குகிறது, இருமுகிறது!

மெக்கானிக்குகள் இதை "மிஸ்ஸிங்" என்பார்கள். வேகம் எடுக்காவிட்டால், "பிக்கப் இல்லை" என்பார்கள்.

"என்ஜின் போய்விட்டது" என்று உடனே பயப்படாதீர்கள். பிரித்து வேலை பார்த்தால் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். குற்றமோ ஒரு சின்னப் பிளக்கில் இருக்கலாம்!

நாலில் ஒன்று

பெட்ரோல் அம்பாசிடருக்கு 4 சிலிண்டர்கள். 1, 3, 4, 2 என்ற வரிசையில் அவை வேலை செய்யும். ஒன்று படுத்துவிட்டால், மற்ற மூன்றும் அதன் சுமையையும் இழுக்க வேண்டும். கார் குலுங்காமல் என்ன செய்யும்?

படுத்தது எது?

என்ஜினை நிறுத்துங்கள். ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, அதன் நுனி என்ஜின் இரும்பில் படும்படி வையுங்கள். பிறகு என்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள்.

திணறல் அதிகமானால் அந்தச் சிலிண்டர் நல்லது. வித்தியாசமே இல்லையா? திருடன் அதுதான்! இப்படியே நாலையும் பாருங்கள்.

என்ஜின் ஓடும்போது ஒயரைத் தொடாதீர்கள். அதில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பாய்கிறது.

நிறம் சொல்லும்

என்ஜின் ஆறியதும் அந்தப் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால், பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். வெளுத்திருந்தால், பெட்ரோல் போதவில்லை.

அந்தப் பிளக்கை வேறு சிலிண்டரில் மாட்டுங்கள். கோளாறும் கூடவே போனால், புதுப் பிளக் போதும்! போகாவிட்டால் ஒயரைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மழையும் தூசியும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தாலே மிஸ்ஸிங் நின்றுவிடுவதுண்டு. அறுவடைக் காலத் தூசி ஏர் பில்டரை அடைக்கும். அப்போது பிக்கப் குறையும்.

மிஸ்ஸிங் இல்லை; ஆனாலும் பிக்கப் இல்லையா? என்ஜின் மட்டும் அலறினால், கிளட்ச் நழுவுகிறது. ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எச்சரிக்கை!

மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகை உயிரைக் குடிக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் சோதனையே வேண்டாம்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இருக்கும் வண்டியைக் காப்பாற்ற வழி ஒன்றே: சின்னச் செலவில் முடிவதை முதலில் பாருங்கள்!