இந்தத் தக்காளி யாரோட தோட்டத்துது?

போன வாரம் ஒரு ஆர்கானிக் கடைல கிலோவுக்கு முப்பது ரூபா கூடுதலா கொடுத்து தக்காளி வாங்கினேன். "அண்ணா, இது யாரோட தோட்டத்துது?"ன்னு கேட்டேன். "ஆர்கானிக்தாங்க"ன்னு பதில் வந்துச்சு. நான் கேட்டது அது இல்லையே! இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தித்தான்.

இந்தியாவுல இயற்கை விளைபொருளுக்கு ரெண்டு வகைச் சான்று இருக்கு. ஒண்ணு என்பிஓபி: வெளியிலிருந்து ஒரு சான்றிதழ் நிறுவனம் வந்து சோதிக்கும். இன்னொண்ணு பிஜிஎஸ்: குறைஞ்சது 5 விவசாயிகள் குழுவா சேர்ந்து, ஒருத்தர் நிலத்தை இன்னொருத்தர் சோதிக்கிறது. பாக்கெட்ல இருக்கிற 'ஜைவிக் பாரத்' முத்திரைக்குப் பின்னாடி இந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணு இருக்கணும்.

ஆனா நிலத்துக்குச் சான்று இருந்தா மட்டும் போதாது. தக்காளி அங்கிருந்து கிளம்பிடுதே!

சங்கிலி அறுபடுற இடம் பெரும்பாலும் சேகரிப்புக் கொட்டகை. பத்துப் பேர் கொண்டுவந்த கிரேட்டை ஒரே குவியலா கொட்டினா, அதுக்கப்புறம் எது யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. அதனால பறிக்கிற அன்னைக்கே ஒவ்வொரு கிரேட்லயும் விவசாயி எண், தேதி, எடை எழுதின சீட்டு வேணும். தரம் பிரிச்சு பேக் பண்றப்போ அந்தச் சீட்டோட தொடர்புள்ள லாட் எண் பாக்கெட்ல ஏறணும்.

இதுல முக்கியம் எடை. 100 கிலோ உள்ள வந்து 140 கிலோ வெளிய போனா, அந்த 40 கிலோ எங்கிருந்து வந்துச்சு? க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினா சிரிச்ச முகத்தோட விவசாயி படம் வரலாம். இந்தக் கணக்கு வராது.

இது நம்ம முப்பது ரூபா பிரச்சினை மட்டும் இல்ல. பக்கத்து வயல்ல அடிச்ச மருந்து காத்துல வந்து ஒருத்தர் செடில படிஞ்சிடுச்சுன்னு வைங்க. லாட் எண் இருந்தா அந்த ஒரு லாட்டை மட்டும் நிறுத்தலாம். இல்லன்னா பத்துப் பேர் சரக்கும் திரும்பி வரும். வருஷக்கணக்கா பொறுத்து நிலத்தை மாத்தினவங்களோட உழைப்பும் அதோட போகும்.

ஒரு விஷயம்: நேரடியா நுகர்வோருக்கு விக்கிற சிறு விவசாயிக்கு, வருஷ விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள்ள இருந்தா சான்று கட்டாயம் இல்ல. சந்தைல முத்திரை இல்லாம கீரை விக்கிற அக்காவைச் சந்தேகப்படாதீங்க. அவங்ககிட்டயே தோட்டத்தைப் பத்திக் கேட்கலாம்.

கடைல வாங்கினா மட்டும் கேளுங்க: "இது எந்த லாட்? எப்போ பறிச்சது?" பதில் தெரிஞ்ச கடைக்குத் திரும்பப் போங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.